தொண்டைக்குள் ஒரு முறைக்காரன்

அத்தியாயம் ஆறு

கரின் ஜாக்கி என்றால் கழுதை ஊர் என்று அர்த்தம். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அன்றைக்கு அவர்கள் செய்துவைத்திருந்த காரியத்தைப் பார்த்தபோது, வருத்தப்பட வேண்டியவை கழுதைகள்தான் என்று யெரோவுக்குத் தோன்றியது.

பால்காரி தாக்கோவைப் பிடித்து ஊர்த்தலைவரின் குதிரைக் கொட்டடியில் அடைத்திருந்தார்கள். குதிரையை வெளியே கட்டியிருந்தார்கள். புழுதிக்காற்று ஊரையே மஞ்சளாக்கிக்கொண்டிருந்த காலைவேளை. குதிரை தும்மிக்கொண்டு நின்றது. வாசலில் தாக்கோவின் சுரைக்காய்ப் பால் குடுவைகள் சுக்கல் சுக்கலாகக் கிடந்தன. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அவளை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று தீர்மானம். அவளுடைய கறவை மாடுகள் மட்டும் ஊரிலேயே இருக்கட்டும் என்றும் தீர்மானம். நோய் மாட்டில் ஒட்டாது போலிருக்கிறது.

விஷயம் இதுதான். ஊரில் மூன்று பேருக்கு மூளைக்காய்ச்சல் வந்துவிட்டது. லாரி நிலையத்தில் டயருக்கு ஒட்டுப் போடும் சம்போ செத்தே போனான். மாட்டுத் தரகர் அர்தோ கிதாதோவும் விறகு விற்கும் கும்போவும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மூவரும் மாடு வளர்க்கும் ஃபுலானி இனத்தார், மூவரும் தாக்கோவிடம் பால் வாங்குகிறவர்கள். அப்படியானால் பாலில்தான் நோய். மூவரும் ஒரே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்தாலும் கிணற்றை ஊரைவிட்டு விரட்ட முடியாதே. பால்காரியை விரட்டலாம்.

தாக்கோ யெரோவுக்குச் சித்தி. நேர்ச் சித்தி இல்லை. ஆனால் அம்மா இறந்துபோன வருஷத்தில் அவனுக்குப் பால் ஊற்றி வளர்த்தவள் அவள்தான். அந்தக் குடுவைச் சில்லுகளை மிதிக்காமல் தாண்டி அவன் உள்ளே போனான்.

யெரோவுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவர் புக்கார் கியாரி. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் அவருக்கு ஒரு முழம் நீளத்துக்குப் பதவிப் பெயர் உண்டு. ஊர்களில் அவருக்கு ஒரே பெயர்தான்: காய்ச்சல் போலீஸ். எங்கே காய்ச்சல் கிளம்பினாலும் அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று மோப்பம் பிடித்துவிடுவார். பைக் ஓட்டுவது, பஞ்சுக்குச்சிப் பெட்டியைத் தூக்குவது, வாயாடுவது இம்மூன்றும் யெரோவின் உத்தியோகம். மூன்றாவதற்குச் சம்பளம் கிடையாது.

"பாலைச் சோதிச்சாச்சா?" என்றார் ஊர்த்தலைவர் பதமாசி.

"அவ தொண்டையைச் சோதிச்சாச்சு. சுத்தமா இருக்கு," என்றார் கியாரி.

"நான் பாலைக் கேட்டேன்."

"பாலுக்குத் தொண்டை ஏதுங்க தலைவரே? இந்தக் கிருமிக்கு மனுஷத் தொண்டையை விட்டா வேற வீடு கிடையாது. வெளியே இந்தக் காத்துல விட்டா கொஞ்ச நேரத்துல செத்துப் போயிரும்."

அப்படியானால் எந்தத் தொண்டை என்று தலைவர் கேட்டார். அங்கேதான் கியாரிக்கு இடித்தது. சம்போவின் குழந்தைக்குப் பெயர் வைத்த விருந்தில்தான் மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள். அந்த விருந்துக்குக் கியாரியே வந்திருந்தார். சம்போ அவருக்கு உயிர்ச் சிநேகிதன். வந்திருந்த ஒவ்வொருவர் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு நகரத்துக்கு அனுப்பியாகிவிட்டது. காலையில் பதிலும் வந்துவிட்டது. எந்தத் தொண்டையிலும் ஆளைக் காணோம்.

"தொண்டையில இல்லேன்னா பாலுலதான்," என்றார் தலைவர். கரின் ஜாக்கியில் இதற்குப் பெயர் தர்க்கம்.

அஸர் தொழுகைக்குள் தான் வேறு பதில் கொண்டுவந்தால் அவளை விட்டுவிட வேண்டும் என்று கியாரி கேட்டுக்கொண்டார். தலைவர் தாடியைத் தடவிச் சம்மதித்தார். அதற்குள் கொட்டடிக் கதவுக்குப் பின்னாலிருந்து தாக்கோவின் குரல் கிளம்பியது.

"டேய் யெரோ! உன்கூட வந்திருக்கானே அந்தக் கனூரிப் பய, அவனை நம்பாதே. ஊர்ச் சீக்கு பூராவும் அவன் வாயிலதான் இருக்கு. பேர் வைக்கிற அன்னைக்கு கடிச்ச எச்சில் கோரோக் கொட்டையை என்கிட்ட நீட்டினான். அவன் மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் கியாரிதான். "மாட்டுக்காரியைக் கொட்டடியில போட்டது சரிதான். சொந்த வீடு மாதிரி இருக்கும்," என்று பதிலுக்குக் கத்தினார்.

இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கனூரி இனத்துக்கும் ஃபுலானி இனத்துக்கும் கேலி முறை. மாமன் மகனும் அத்தை மகனும் போல. பார்த்த இடத்தில் வம்புக்கு இழுக்கலாம், மாட்டுத் திருடன் என்னலாம், என் அடிமை என்னலாம், கையிலிருக்கும் தீனியைப் பிடுங்கலாம். சாவு வீட்டில்கூட வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. இதற்குக் கோபித்துக்கொள்கிறவன்தான் ஊரில் மானங்கெட்டவன். கியாரி கனூரி. யெரோ ஃபுலானி. யெரோ வேலையில் சேர்ந்த அன்றைக்கே அதிகாரியை "அடே மச்சான்" என்று கூப்பிட்டான். அன்றைக்கே அவனுக்கு வேலையும் நிரந்தரமானது.

*

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பைக்கின் பின்சக்கரம் காற்று இறங்கிவிட்டது. இறங்க வேறு இடம் அதற்குக் கிடைக்கவில்லை. சம்போவின் பூட்டிய கொட்டகைக்கு எதிரேதான் உஸ்ஸென்றது. கொட்டகை முன்னால் ஒட்டுப் போடாத டயர்கள் மாலைபோல் தொங்கிக்கொண்டிருந்தன. கியாரி பம்பை எடுத்து அவரே காற்று அடித்தார். அதிகாரி காற்று அடிப்பதை யெரோ அதற்கு முன் பார்த்ததில்லை. கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"ஒண்ணு சொல்லு மச்சான்," என்றான் பிறகு. "இவ்ளோ பெரிய மனுஷ உடம்புக்குள்ள இத்தனூண்டு கிருமி எப்படித்தான் நுழையுது?"

அதைக் கேட்டால் போதும், கியாரிக்குத் துக்கம்கூட இரண்டாம்பட்சம். பம்பைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"மூக்குக்குப் பின்னால, தொண்டைக்கு மேல ஒரு சுவர் இருக்குடா. செல்லு செல்லா செங்கல் அடுக்கின மாதிரி. மேலே ஈரமா சளி பூசியிருக்கும். வழுக்கும். எவனும் லேசுல ஏற முடியாது. இவன் என்ன பண்றான், உடம்புலேர்ந்து மெல்லிசா நூல் விடறான். நூல் நுனியைச் சுவர்ல ஒட்டவெச்சு, இழுத்து இழுத்துக் கிட்ட வரான்."

"அப்புறம் சுவரை இடிப்பான்."

"அதான் இல்லே. கிட்ட வந்ததும் மேல்சட்டையைக் கழட்டிடுவான். சட்டை இருந்தா நெருங்கி ஒட்ட முடியாது பாரு. ஒட்டிக்கிட்டு சுவரைச் சும்மா ஒரு தட்டு தட்டுவான். சுவர் தானே கையை நீட்டிக் கட்டிப்பிடிச்சு அவனை உள்ளே இழுத்துக்கும். பூட்டு உடையாது, ஜன்னல் உடையாது. வீட்டுக்காரனே கதவைத் திறந்துவிட்ட கேஸ்."

"அப்ப இது திருட்டு இல்லே மச்சான். விருந்து."

"பெரும்பாலும் விருந்துதான். நிறையப் பேர் தொண்டையில சும்மா தின்னுட்டுத் தூங்கிட்டுக் கிடப்பான். வீட்டுக்காரனுக்கு ஒரு தும்மல்கூட வராது. ஆனா அவன் வாயிலேர்ந்து அடுத்தவன் வாய்க்குத் தாவிடுவான். அங்கே இந்தப் புழுதியில சுவர் காஞ்சு வெடிச்சிருந்தா வந்தது வினை. பின்வாசல் வழியா ரத்தத்துல இறங்கிடுவான். அங்கே காவல்காரங்க ஜாஸ்தி. கழட்டின சட்டையை மறுபடி மாட்டிப்பான், கண்ணுல படாம இருக்க. அப்புறம் மூளைதான்."

யெரோ முகத்தில் படிந்த புழுதியைத் துடைத்தான். "ஆக, கேக்காம வீட்டுக்குள்ள வரலாம். சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் கட்டிப்பிடிக்கலாம். உள்ளே உக்காந்து திங்கலாம். வீட்டுக்காரன் கோவிச்சுக்க மாட்டான். மச்சான், நீ தேடறது திருடனை இல்லே. முறைக்காரனை."

கியாரி தொடையில் தட்டிக்கொண்டார். "அடே மாட்டுத் திருடா, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் சம்பளத்துக்கு வேலை செஞ்சிருக்கே. யாரு போனாலும் கதவு திறக்குமோ, யாரு நீட்டினாலும் வாங்குவாங்களோ, அவன்தான் ஆளு." பைக்கில் ஏறிக்கொண்டு வழி முழுக்க அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டு வந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களிடம் எப்போதும் இப்படி ஒரு உற்சாகம் இருக்கும்.

*

ஆஸ்பத்திரி வாசலில் கியாரி தலைப்பாகைத் துணியை இறக்கி மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டார். அங்கே மட்டும் அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. நோயாளியிடமிருந்து தனக்கு வந்துவிடக் கூடாதே.

கும்போவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அர்தோ கிதாதோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இறங்கிவிட்டது, போகும்போது காதைக் கொண்டுபோய்விட்டது. ஒன்றும் கேட்காததால் அவர் எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொன்னார். வார்டு முழுக்க அவருடைய ரகசியங்கள் தெரிந்திருந்தன.

தாக்கோவிடம் பால் குடித்தீர்களா என்பதை யெரோ கையாலேயே கறந்து காட்டி, குடித்தும் காட்டினான். கிழவர் முகம் மாறியது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். அதுவும் சாதாரணமாகப் பேசுகிறவனின் சத்தம்தான்.

"வெளியே சொல்லிடாதே. நான் பால் தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. குடிச்சா வயிறு ஊதிக்குது. வாங்கறதெல்லாம் பேத்திகளுக்கு. அதுங்க நல்லாத்தான் குதிச்சுக்கிட்டு இருக்குதுங்க."

யெரோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால் குடிக்காத ஃபுலானி! அதுவும் மாட்டுத் தரகர்! சந்தையில் தெரிந்தால் ஒரு கன்றுக்குட்டிகூட அவர் சொல்லை நம்பாது. ஆனால் சித்தியின் விடுதலை அந்த வயிற்றில்தான் இருந்தது. குடித்த பேத்திகள் சுகம், குடிக்காத தாத்தா படுக்கையில். இதை ஊரில் சொல்ல வேண்டும் என்று சைகையால் கெஞ்சினான். கொட்டடியையும் பூட்டையும் தாக்கோவின் நடையையும் நடித்துக் காட்டினான்.

கிழவர் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். "சொல்லிக்கோ," என்றார் கடைசியில். "எவன் சிரிச்சாலும் இனி எனக்குக் கேக்கப்போறதில்லே."

அப்போ அந்த விருந்தில் வாய்க்குள் என்னதான் போனது என்று யெரோ சைகையால் கேட்டான்.

"எங்கே சாப்பிட விட்டான்? நானும் சம்போவும் கும்போவும் முன்னாடி உக்காந்து இந்தக் கனூரிகூட வாய்ச்சண்டை போட்டதுலயே பொழுது போயிருச்சு," என்று கிழவர் பழைய சத்தத்துக்குத் திரும்பினார். "துணியை எடுடா கனூரி! மூஞ்சியை மூடிக்கிட்டு எவன் மாட்டைத் திருட வந்தே?"

கியாரி சிரித்தார். யெரோவும் சிரித்தான்.

*

தலைவர் வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. விரட்டுவதைப் பார்க்க வந்தவர்கள். வேடிக்கை கைநழுவிப் போகிறதே என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். ஆனால் அர்தோ பால் குடிப்பதில்லை என்ற சேதி அதைவிடப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. முற்றம் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டடியைத் திறக்கச் சொன்னார்.

தாக்கோ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். உடைந்த குடுவைகளைப் பார்த்தாள். யாரையும் திட்டவில்லை. யெரோவுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"சரி, பால் இல்லே. அப்போ யாரு?" என்றார் தலைவர்.

கியாரிக்கு மேடை கிடைத்துவிட்டது. நூல் விடுவது, சட்டையைக் கழற்றுவது, சுவர் கட்டிப்பிடிப்பது எல்லாவற்றையும் கை அசைத்து விளக்கினார். ஆள் எங்கே இருந்தாலும் சீக்கிரம் பிடிப்பேன் என்றார். "நுழையற இடத்துல எல்லாம் கதவு திறக்கிற ஆளு. உங்களுக்குள்ளேதான் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்." பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசி முடித்த திருப்தியில் அங்கிப் பைக்குள் கைவிட்டு ஒரு கோரோ எடுத்தார். நல்ல சிவப்புக் கொட்டை. கடைவாயில் வைத்துக் கடக்கென்று கடித்து இரண்டாக்கினார். எச்சில் பளபளக்கும் பாதியைத் தாக்கோவிடம் நீட்டினார்.

"இந்தா என் அடிமையே. விடுதலை ஆனதுக்கு என் எச்சில். போன தடவை மாதிரி வீசி எறியாதே."

தாக்கோ அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். தன்னைக் காப்பாற்றியவன் நீட்டுகிறான். இந்தத் தடவை வாங்காவிட்டால் அது நன்றிகெட்டதனம். கையை நீட்டினாள்.

யெரோ அந்தப் பாதிக் கொட்டையைப் பார்த்தான். முன்வரிசையில் உட்கார்ந்து வாய்ச்சண்டை போட்ட மூன்று பேர். மூன்று பேரும் ஃபுலானி. நீட்டினதை வாங்கியிருப்பார்கள், முறைக்காரன் எச்சிலை வேண்டாமென்பது விளையாட்டில் தோற்றதற்குச் சமம். நீட்டினதை விட்டெறிந்தவள் இதோ சுகமாக நிற்கிறாள். தினமும் கூடவே திரிகிற தனக்கு ஒன்றும் வரவில்லை. தான் கோரோவே தொடுவதில்லை, பல் சிவந்தால் பெண்டாட்டி வீட்டுக்குள் விடமாட்டாள். இன்னொன்று. எங்கேயும் காய்ச்சல் வந்த பிறகு போலீஸ் போகும். இந்த ஊரில் போலீஸ் வந்த பிறகுதான் காய்ச்சல் வந்தது. விருந்துக்கு வருமுன் கியாரி கிழக்கே ஒரு காய்ச்சல் கிராமத்தில் தொண்டை தொண்டையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் தொண்டையையும் பார்த்தவரின் தொண்டையை யார் பார்த்தது?

"சித்தி, வாங்காதே. ஆளு இவருதான்," என்றான்.

முற்றம் அதிரச் சிரித்தது. ஃபுலானிப் பையன் கனூரி அதிகாரியைச் சபையிலேயே மடக்கிவிட்டான் என்று ஒருவன் தலைப்பாகையைத் தூக்கி எறிந்தான். கியாரியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாக்கோ கொட்டையை விரலால் தொட்டுவிட்டாள்.

"நான் விளையாடலே. மூணு பேருக்கும் இவர் வாயிலேர்ந்துதான் போயிருக்கு."

இன்னும் பெரிய சிரிப்பு. நன்றாகத்தான் இருந்தது நிலைமை. காலையில் தாக்கோ கொட்டடிக்குள்ளிருந்து இதையேதான் கத்தினாள், ஆஸ்பத்திரியில் அர்தோ பாதியைச் சொன்னார், யாருக்குக் கேட்டது? முறைக்காரன் வாயிலிருந்து வரும் உண்மைக்கு இந்த ஊரில் ஒரே ஒரு மரியாதைதான், கைதட்டல். யெரோ ஓரடி முன்னால் வந்தான். ஒரே ஒரு வார்த்தை பாக்கியிருந்தது. அதை அவன் அந்த மனிதரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஐயா," என்றான். "அதைக் கீழே போட்டுடுங்க ஐயா."

கியாரியின் சிரிப்பு அப்படியே நின்றது. கூட்டமும் ஒவ்வொருவராக அடங்கியது. குதிரை தும்மியது மட்டும் கேட்டது. கியாரி தாக்கோவின் விரலிலிருந்து பாதிக் கொட்டையைப் பிடுங்கினார். இன்னொரு பாதியை வாயிலிருந்து எடுத்தார். இரண்டையும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தலைப்பாகைத் துணியை இறக்கி வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு வருஷா வருஷம் ஊசி போடறாங்க," என்றார் துணிக்குள்ளிருந்து. யாருக்குச் சொல்கிறார் என்று தெரியவில்லை. "அந்த ஊசி ரத்தத்துக்குக் காவல். தொண்டையில குடியிருக்கறவனை அது ஒண்ணும் கேக்காது. இது எனக்குத் தெரியும். ஊரூராப் போய் இதைச் சொல்லிக் கொடுக்கறவனே நான்தான்."

தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். யெரோ பெட்டியிலிருந்து பஞ்சுக்குச்சியை எடுத்து உள்ளே விட்டான். நகரத்திலிருந்து என்ன பதில் வரும் என்று இருவருக்கும் அப்போதே தெரிந்திருந்தது. நோயாளி வீட்டுக்காரர்களுக்குக் கொடுப்பதற்கென்று பெட்டியில் வைத்திருக்கும் மாத்திரையில் ஒன்றை எடுத்துக் கியாரி விழுங்கினார். தொண்டையில் குடியிருப்பவனைக் காலிசெய்ய அந்த ஒரே மாத்திரை போதும். ஒரே மாத்திரை. அவர் அதைப் பெட்டி பெட்டியாகச் சுமந்துகொண்டு திரிந்தவர்.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று தலைவர் எழுந்து நின்று கத்தினார். காலையில் பால்காரியை விரட்டக் கூடிய கூட்டம்தான், இப்போது காய்ச்சல் போலீஸை விரட்டலாம் என்றது. வந்ததற்கு யாரையாவது விரட்டிவிட்டுப் போனால்தானே மனசு ஆறும். இருவர் கல்லைக்கூட எடுத்துவிட்டார்கள்.

தாக்கோ முன்னால் வந்து நின்றாள். மூன்று வார்த்தையில் கூட்டத்தை நிறுத்தினாள்.

"இவன் என் அடிமை."

கல் எடுத்தவர்கள் கையை இறக்கினார்கள்.

"கனூரி ஃபுலானிக்கு அடிமைன்னு உங்க தாத்தன் காலத்துலேர்ந்து சிரிக்கறீங்களே, இன்னைக்கும் சிரிங்க. என் அடிமையை விரட்டறதுக்கு நீங்க யாரு? வேணும்னா நான் விரட்டிக்கறேன். முதல்ல நீங்க உடைச்ச குடுவைக்கெல்லாம் பதிலா இவன் சுரைக்காய் சுமந்துட்டு வரட்டும். வாயைத் திறக்காம சுமக்கட்டும்."

முறையை மீற ஊர்த்தலைவராலும் முடியாது. அவர் உட்கார்ந்தார். எங்கேயோ ஒருவன் களுக்கென்றான், இன்னொருவன் சேர்ந்தான், கற்கள் கீழே விழுந்தன. கியாரி மட்டும் சிரிக்கவில்லை. தாக்கோவின் காலடியில் கிடந்த குடுவைச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். யெரோவும் உட்கார்ந்து கூடவே பொறுக்கினான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் கிளம்பினார்கள். லாரி நிலையம் தாண்டும்போது கியாரி பின்னாலிருந்து தோளைத் தொட்டார். யெரோ வண்டியை நிறுத்தினான். எதிரே சம்போவின் கொட்டகை.

"சிரிச்சுக்கிட்டேதான்டா வாங்கினான்," என்றார் கியாரி. "எச்சில் நல்லா இனிக்குது கனூரின்னான்."

அவர் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏதாவது சொல்லுடா மாட்டுத் திருடா. என்னைத் திட்டு," என்றார்.

யெரோ தேடிப் பார்த்தான். இத்தனை வருஷமாக வாய் நிறைய வைத்திருந்ததில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வண்டியைக் கிளப்பினான்.